முப்பது சதத்தின் வரலாறு: இணைய ஏலச் சந்தையும் அவ்வப்போது விற்போர் இறுத்த கொடுப்பனவுக் கட்டணமும்

சந்தை என்றவுடன் விற்போனும் வாங்குவோனும் மட்டுமே நம் நினைவுக்கு வருகின்றனர். ஆயின் வரலாற்றில் எந்தச் சந்தையும் இவ்விருவரோடு நின்றதில்லை. மூன்றாமவன் ஒருவன் எக்காலத்தும் இவர்களுக்கு இடையே நின்றிருக்கிறான். இடந்தந்தவன் சுங்கம் கேட்டான். ஆளைச் சேர்த்துவிட்டவன் தரகு கேட்டான். நாணயத்தை மாற்றிக் கொடுத்தவன் வட்டம் பிடித்தான். சந்தைக் குத்தகைகாரனிடம் துண்டு வாங்காமல் ஒரு கூடை கத்தரிக்காயை விற்க முடியாது என்பதை நம் ஊர்ச் சந்தைகளை அறிந்தோர் நன்குணர்வர். இம்மூன்றாமவனின் பங்கு எவ்வளவு, அதனை விற்போன் இறுப்பதா வாங்குவோன் இறுப்பதா, மறுப்பதற்கு அவர்களுக்கு உரிமை உண்டா என்னும் வினாக்களே வணிக வரலாற்றின் அடிப்படை வினாக்களுட் சிலவாகும்.

இருபதாம் நூற்றாண்டின் இறுதியில் ஐக்கிய அமெரிக்காவில் எழுந்த இணைய ஏலச் சந்தையை இந்நோக்கில் ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும். பெருவணிகரைப் பற்றியல்லாமல், வீட்டில் தேவையின்றிக் கிடக்கும் புகைப்படக் கருவியையோ பழைய நூலையோ பிள்ளைகள் வளர்ந்தபின் எஞ்சிய விளையாட்டுப் பொருளையோ அவ்வப்போது விற்கும் சாதாரண மக்களைப் பற்றியே இங்கு பேசப்படுகின்றது. இவர்கள் பெற்ற சிறு தொகையிலிருந்து கொடுப்பனவைக் கையாண்டமைக்காகக் கழிக்கப்பட்ட கட்டணத்தின் வரலாறு, சிறியது போலத் தோன்றினும் சிந்தனைக்குரியது.

கடிதவுறைக் காலம்

1995 ஆம் ஆண்டு செப்டெம்பர் மாதத்திலே கலிபோர்ணியாவில் பியர் ஒமிட்யார் என்னும் கணினி நிரலாளர் 'ஒக்‌ஷன் வெப்' என்ற ஏலத் தளத்தை ஆரம்பித்தார். 1997 இல் 'ஈபே' எனப் பெயர் மாற்றம் பெற்றது இதுவே. பழுதடைந்த லேசர் சுட்டுகோல் ஒன்று 14.83 டொலருக்கு அங்கு விலைபோனமை பலரும் அறிந்த செய்தி. பழுதான பொருளுக்கும் எங்கோ ஒருவர் விலை கொடுப்பார் என்பதே அச்சந்தையின் உயிர்நிலை.

தொடக்கத்தில் அச்சேவை இலவசமாகவே இருந்தது. போக்குவரத்துப் பெருகியதால் இணைய இணைப்பை வழங்கிய நிறுவனம் கூடிய வாடகை கேட்டது. எனவே 1996 பெப்ரவரியில் விற்பனைத் தொகையில் ஒரு சிறு பங்கை ஒமிட்யார் கட்டணமாகக் கேட்கலானார். கேட்டவுடன் கடிதவுறைகள் வந்து குவிந்தன. அவற்றுட் சிறிய காசோலைகளும், அட்டையில் ஒட்டிய நாணயங்களும் இருந்தனவாம். அவற்றைப் பிரித்து எடுப்பதற்கென்றே ஓர் உதவியாளரை அமர்த்த வேண்டியிருந்தது. கணினியால் இயங்கிய சந்தையின் முதலாவது கருவூலம் கடிதவுறைக் குவியலாயிருந்தமை வரலாற்றின் முரண்களுள் ஒன்று.

தளத்துக்குச் செலுத்த வேண்டிய பணம் மட்டுமன்றி, வாங்கியவர் விற்றவருக்குச் செலுத்த வேண்டிய பணமும் அஞ்சலிலேயே சென்றது. ஏலத்தில் வென்றவர் காசோலை எழுதுவார். அல்லது அஞ்சலகத்திற் காசுக்கட்டளை வாங்கி அனுப்புவார். விற்றவர் காசோலையை வங்கியிலிட்டு அது தேறும்வரை காத்திருந்து பின்னரே பொருளை அனுப்புவார். ஓரிரு வாரம் கழிவது வழமை. பணம் அனுப்பியவருக்குப் பொருள் வராத அச்சம். பொருள் அனுப்பியவருக்குக் காசோலை திரும்பிவிடும் அச்சம்.

இக்காலத்தைப் பற்றி ஒன்று மனங்கொள்ளத்தக்கது. கொடுப்பனவுக்குச் செலவு இல்லாமலில்லை. ஆனால் அதனை வாங்குவோரே ஏற்றனர். காசுக்கட்டளைக்குரிய கட்டணமும் அஞ்சல்முத்திரையும் அவர்கள் கையிலிருந்தே போயின. விற்போர் கொடுத்த விலை, காலமும் காத்திருப்புமே.

கடனட்டை இந்நிலைக்கு மாற்றாக அமைந்திருக்கலாம். ஆயின் அட்டையால் வரும் பணத்தைப் பெறுவதற்கு வங்கியில் 'வணிகர் கணக்கு' வேண்டும். அதற்கு நிரந்தர வணிகம், கடன் நம்பகம், மாதக் கட்டணம் முதலியன வேண்டும். ஆண்டில் ஐந்தாறு பொருள்களை விற்கும் இல்லத்தரசிக்கோ மாணவனுக்கோ எந்த வங்கியும் அத்தகைய கணக்கைக் கொடுக்க முன்வரவில்லை. எனவே வாங்குவோரிடம் அட்டை இருந்தும் விற்போரிடம் அதனை ஏற்கும் வாயில் இருக்கவில்லை. அவ்வாயிலைத் திறந்தவர்களே அடுத்த கட்டத்தின் நாயகர்களாயினர்.

இலவசம் என்னும் தூண்டில்

மக்ஸ் லெவ்சின், பீற்றர் தீல் முதலியோர் 1998 இல் ஆரம்பித்த 'கொன்பினிற்றி' என்னும் நிறுவனம் கையடக்கக் கணினிகளுக்கிடையே பணம் மாற்றும் முறையொன்றை ஆக்க முயன்றது. அதன் துணை முயற்சியாக எழுந்ததே மின்னஞ்சல்வழிப் பணம் அனுப்பும் 'பேபால்'. ஈலோன் மஸ்க் 1999 இல் ஆரம்பித்த 'எக்ஸ் டொட் கொம்' இதற்குப் போட்டியாக இருந்தது. 2000 மார்ச்சில் இரண்டும் ஒன்றாயின. ஏலச் சந்தையின் விற்பனையாளர் இச்சேவையைத் தாமாகவே கண்டெடுத்துப் பயன்படுத்தத் தொடங்கியமையே அதன் வளர்ச்சிக்குக் காரணமாயிற்று.

பேபாலின் நுட்பம் யாதெனில், அட்டை நிறுவனங்களின் கண்ணுக்கு அது தானே வணிகராக நின்றமையாகும். வங்கி ஏற்க மறுத்த ஆயிரமாயிரம் சிறு விற்பனையாளர் அதன் நிழலில் நின்று அட்டைப் பணத்தைப் பெற்றனர். புதிதாகச் சேர்ந்தவருக்கும் பிறரைச் சேர்த்தவருக்கும் பத்து டொலர் அன்பளிப்பும் வழங்கப்பட்டது. கட்டணம் எதுவுமில்லை.

ஆயின் எங்கும் இலவசம் என்பது பிறிதொருவர் செலவு என்பதே பொருள். மக்கள் தம் கணக்கில் விட்டுவைக்கும் பணத்தின் வட்டியைக் கொண்டு சேவையை நடத்தலாம் என்பது தொடக்ககால எதிர்பார்ப்பு. மக்களோ பணத்தை விரைவில் எடுத்துக்கொண்டனர். அட்டையால் வந்த ஒவ்வொரு கொடுப்பனவுக்கும் அட்டை வலையமைப்புக்கும் வங்கிக்கும் பேபால் கட்டணம் இறுத்தது. மோசடிக்காரரும் இச்சேவையைக் குறிவைத்தனர். எனவே 2000 ஆம் ஆண்டின் நடுப்பகுதியில் வணிகக் கணக்குகளுக்குக் கட்டணம் அறிமுகமாயிற்று. பின்னர் படிப்படியாக, அட்டைப் பணத்தைப் பெற விரும்பும் ஏல விற்பனையாளர் இலவசக் கணக்கிலிருந்து கட்டணக் கணக்குக்குத் தள்ளப்பட்டனர். அதனோடு, இக்கட்டணத்தை வாங்குவோரின் தலையில் மேலதிகமாக ஏற்றுவதும் விதிகளால் தடுக்கப்பட்டது. காசுக்கட்டளைக் காலத்தில் வாங்குவோர் தலையிலிருந்த சுமை ஓசையின்றி விற்போர் தலைக்கு மாறியது இவ்வாறே.

ஈபே நிறுவனமும் வாளாவிருக்கவில்லை. 1999 இல் 'பில்பொயின்ற்' என்னும் கொடுப்பனவு நிறுவனத்தை வாங்கி, 2000 இல் வெல்ஸ் பார்கோ வங்கியையும் அதிற் பங்காளியாக்கிற்று. வேறு முயற்சிகளும் இருந்தன. வெஸ்ரேண் யூனியன் நடத்திய 'பிட்பே' என்னும் சேவையில் வாங்குவோர் அட்டையாற் பணமும் கட்டணமும் செலுத்த, விற்போருக்குக் காசுக்கட்டளை அஞ்சலில் சென்றது. விற்போரிடம் எதுவும் கழிக்கப்படாத முறை அது. யாகூ நிறுவனமும் சிற்றி வங்கியும் தத்தம் சேவைகளை நடத்திப் பார்த்தன. எனினும் விற்போரும் வாங்குவோரும் ஏற்கெனவே கூடியிருந்த இடத்துக்கே மேலும் மேலும் மக்கள் சென்றனர். 2002 யூலையில் ஈபே ஏறத்தாழ 150 கோடி டொலர் பெறுமதிக்குப் பேபாலை வாங்க இணங்கியது. அப்போது பேபாலின் அலுவலில் ஏறத்தாழ 60 வீதம் ஈபே சந்தையிலிருந்தே வந்தது. பில்பொயின்ற் 2003 இல் மூடப்பட்டது. இடந்தந்தவனும் வட்டம் பிடித்தவனும் ஒருவனேயாயினர்.

முப்பது சதத்தின் கணக்கு

அமெரிக்காவில் நெடுங்காலம் நிலவிய பேபால் கட்டணம் 2.9 வீதமும் அதன்மேல் 30 சதமுமாகும். முதற்பகுதி விலையோடு வளர்வது. இரண்டாம் பகுதி விலை எதுவாயினும் மாறாதது. மாறாத பகுதியே நம் ஆராய்ச்சியின் மையம்.

நூறு டொலருக்கு ஒரு பொருள் விற்றால் கட்டணம் 3.20 டொலர், அதாவது 3.2 வீதம். பத்து டொலருக்கு விற்றால் 59 சதம்; அது 5.9 வீதம். ஐந்து டொலருக்கு விற்றால் ஏறத்தாழ 45 சதம். அது 9 வீதத்தை நெருங்குகிறது. ஒரு டொலருக்கு விற்றாலோ ஏறத்தாழ 33 சதம்; பொருளின் மூன்றிலொரு பங்கு. பொருள் சிறுக்கச் சிறுக்க அறவீடு பெருகுகிறது. வருமானம் கூடியவனிடம் கூடிய வீதமும் குறைந்தவனிடம் குறைந்த வீதமும் அறவிடுவது வரியியலில் நியாயமெனக் கருதப்படுவது. இங்கு அதற்கு நேர்மாறானது நிகழ்ந்தது.

இது பேபாலின் பேராசையால் மட்டும் விளைந்தது எனக் கூறுவது பொருந்தாது. ஒவ்வொரு அட்டைக் கொடுப்பனவுக்கும் அட்டை வழங்கிய வங்கி, வலையமைப்பு, பணத்தைப் பெறும் வங்கி ஆகிய மூன்றும் பங்கு கேட்கின்றன. அப்பங்குகளிலும் தொகையோடு வளரும் பகுதியும் மாறாத பகுதியும் உள்ளன. ஐந்து டொலரைச் சரிபார்க்கக் கணினிக்கு ஆகும் வேலையும் ஐந்நூறு டொலரைச் சரிபார்க்க ஆகும் வேலையும் ஏறத்தாழ ஒன்றே. சிறு தொகைகளுக்கென 2005 இல் பேபால் தனிவீதமொன்றை, அதாவது 5 வீதமும் 5 சதமும் என்பதை, அறிமுகப்படுத்தியது. ஏறத்தாழ 12 டொலருக்குக் குறைந்த விற்பனைக்கே அது இலாபமானது. ஒருநாள் மூன்று டொலருக்கு அஞ்சலட்டையும் மறுநாள் எண்பது டொலருக்குக் கடிகாரமும் விற்கும் ஒருவருக்கு அதனாற் பெரும் பயன் விளையவில்லை. நிலையான சிறுவணிகரை மனத்திற்கொண்டு வகுக்கப்பட்ட சலுகை, அவ்வப்போது விற்பவரைத் தொடாமற் சென்றது.

இன்னொன்றும் உண்டு. கட்டணம் பொருளின் விலைமீது மட்டுமன்றி அஞ்சற்செலவும் சேர்ந்த முழுத்தொகைமீதும் கணிக்கப்பட்டது. அஞ்சலகத்துக்கு அப்படியே சென்றுவிடும் பணத்துக்கும் விற்றவர் கட்டணம் இறுத்தார். 2011 முதல் ஈபே தன் விற்பனைக் கட்டணத்தையும் அஞ்சற்செலவின்மீது விதித்தது. விலையைக் குறைத்து அஞ்சற்செலவைப் பெருக்கிக் காட்டிய சிலரின் தந்திரத்தைத் தடுக்க இது வேண்டியதாயிற்று என்பது உண்மையே. ஆயின் தந்திரமறியாதோரும் அதனாற் பாதிக்கப்பட்டனர்.

தெரிவுரிமை ஒடுங்கியமை

கட்டணம் எத்துணை உயர்ந்ததாயினும், அதனைத் தவிர்க்கும் வழி ஒன்று இருக்கும்வரை அதனைக் கொடுங்கோல் எனல் பொருந்தாது. காசோலையும் காசுக்கட்டளையும் அவ்வழியாக இருந்தன. 2006 இல் கூகுள் நிறுவனம் தன் கொடுப்பனவுச் சேவையை ஆரம்பித்தபோது, ஈபே அதனைத் தன் சந்தையில் ஏற்கப்படாத முறைகளின் பட்டியலிற் சேர்த்தது. 2007 இன் இறுதியில் பிட்பே சேவையும் மூடப்பட்டது. 2008 ஒக்டோபர் முதல், அமெரிக்கத் தளத்திற் பெரும்பாலான பொருள்களுக்குக் காசோலையும் காசுக்கட்டளையும் விலக்கப்பட்டன. பேபாலைத் தவிர வேறு சில வழிகள் ஏட்டளவில் இருந்தபோதிலும், அவ்வப்போது விற்பவருக்குப் பேபாலே நடைமுறையில் எஞ்சிய வழியாயிற்று.

அதே ஆண்டில் அவுஸ்திரேலியாவில் நிகழ்ந்தது ஒப்புநோக்கத்தக்கது. அங்கு வங்கிக் கணக்குக்கு நேரடியாகப் பணமிடும் வழக்கம் வேரூன்றியிருந்தது. விற்போருக்கு அதனாற் செலவு இல்லை. நேரிற் பெற்றுக்கொள்ளும்போது கொடுப்பதைத் தவிர ஏனைய கொடுப்பனவுகள் யாவும் பேபால் வழியாகவே நடைபெறவேண்டும் என ஈபே 2008 ஏப்பிரிலில் அறிவித்தது. விற்பனையாளர் எதிர்ப்புத் தெரிவித்தனர். அந்நாட்டின் போட்டி, நுகர்வோர் ஆணைக்குழு அத்திட்டத்துக்கு எதிரான வரைவு முடிவை யூனில் வெளியிட்டது. யூலையில் ஈபே திட்டத்தைக் கைவிட்டது. ஒரே நிறுவனம், ஒரே ஆண்டு, ஒரே நோக்கம்; ஆயினும் ஒரு நாட்டில் நிறைவேறியது மற்றொரு நாட்டில் நிறைவேறவில்லை. மலிவான மாற்றுவழி மக்களின் பழக்கத்தில் இருந்தமையும், கேள்வி கேட்கும் பொது நிறுவனம் ஒன்று இருந்தமையுமே இவ்வேறுபாட்டின் காரணங்கள் எனக் கருதலாம்.

சீனத்தின் அனுபவம் வேறொரு பாடத்தைத் தருகின்றது. அங்கு 'ஈச்நெற்' நிறுவனத்தை வாங்கி நுழைந்த ஈபேக்கு எதிராக 2003 இல் 'தாவோபாவோ' எழுந்தது. அது விற்போரிடம் கட்டணம் கேட்கவில்லை. அதன் துணையான 'அலிபே' வாங்கியவரின் பணத்தைப் பிடித்துவைத்து, பொருள் கிடைத்தமை உறுதியான பின்னரே விற்றவரிடம் கொடுத்தது. நம்பிக்கையின்மை என்னும் நோய்க்கு அது நேரான மருந்து. 2006 இன் இறுதியில் ஈபே அங்கு தன் தளத்தை உள்ளூர் நிறுவனமொன்றுடனான கூட்டு முயற்சிக்கு விட்டுக்கொடுக்க நேர்ந்தது. கட்டணம் இயற்கை விதியன்று, அது சந்தையின் பலாபலத்தைப் பொறுத்தது என்பதை இவ்வரலாறு காட்டுகின்றது.

மறுபக்கம்

இதுவரை கூறியவற்றால் விற்பனையாளர் சூறையாடப்பட்டனர் என்று மட்டும் முடிவுகட்டுவது நேர்மையான வரலாற்றுநோக்கு ஆகாது. கட்டணத்துக்கு ஈடாக அவர்கள் பெற்றவை சில உள. இரு வாரக் காத்திருப்பு இரு நிமிடமாயிற்று. திரும்பிவரும் காசோலையின் அச்சம் நீங்கியது. கடனட்டையுடையோர் அனைவரும், கடல்கடந்தோரும், வாங்குவோராயினர். ஏலத்திற் கேட்போர் பெருகின் விலை உயரும் என்பது வெளிப்படை. முப்பது சதத்தை இழந்தவர் மூன்று டொலரைக் கூடுதலாகப் பெற்றிருக்கவும் கூடும்.

ஆயினும் நன்மைகள் நிபந்தனையின்றி வரவில்லை. வாங்கியவர் முறையிட்டால் விற்றவர் கணக்கிலிருந்து பணம் மீளப் பறிக்கப்படலாம். புதியவர்களின் பணத்தை 21 நாள் வரை தடுத்துவைக்கும் முறை 2008 இல் வந்தது; நீங்கியதாகக் கருதப்பட்ட காத்திருப்பு வேறு வாயிலால் மீண்டும் நுழைந்தது. பொருள் திருப்பப்பட்டால் விற்றவரிடம் முன்னர் கழித்த கட்டணத்தைத் திருப்பிக் கொடுப்பதையும் 2019 இல் பேபால் நிறுத்தியது. விற்பனையே நிகழாத விற்பனைக்கும் கட்டணம் எஞ்சிற்று. ஆண்டுக்குப் பத்தாயிரம் பொருள் விற்பவர் இவற்றைச் செலவுக் கணக்கில் எழுதி விலையிற் சேர்த்துவிடுவார். ஒரு பழைய பொருளை விற்பவருக்கு அத்தகைய பேரேடு இல்லை. இழப்பு நேரே அவர் கைக்கு வருகிறது.

கட்டணம் மறைந்தமையும் மீண்டமையும்

2015 யூலையில் ஈபேயும் பேபாலும் தனித்தனி நிறுவனங்களாகப் பிரிந்தன. 2018 இன் தொடக்கத்தில் ஈபே, நெதர்லாந்தின் 'அடியென்' நிறுவனத்தின் துணையுடன் கொடுப்பனவுகளைத் தானே கையாளப் போவதாக அறிவித்தது. 2021 அளவில் பெரும்பாலான விற்பனையாளர் இப்புதிய முறைக்கு மாற்றப்பட்டனர். முன்னர் இரு நிறுவனங்களுக்கு இறுத்த இரு கட்டணங்கள் இப்போது ஒரே விற்பனைக் கட்டணமாயின. 2023 இல், கடை வைத்திராதோர்க்குப் பெரும்பாலான பொருள்வகைகளில் அது 13.25 வீதமும் 30 சதமுமாக இருந்தது. ஐந்து டொலர் விற்பனையில் ஏறத்தாழ 96 சதம். பிரித்துக் காட்டப்பட்டபோது கண்ணுக்குத் தெரிந்த கொடுப்பனவுக் கட்டணம் பெருந்தொகையொன்றிற் கரைந்துபோயிற்று. ஒரு சுமையைக் குறைத்தல் வேறு. அதன் பெயரை நீக்குதல் வேறு. எனினும் 2024 இல் மாறாத பகுதி 40 சதமாக உயர்த்தப்பட்டபோது, பத்து டொலரும் அதற்குட்பட்டதுமான விற்பனைகளுக்கு மட்டும் அது 30 சதமாகவே விடப்பட்டது. சிறு விற்பனையின் வலி ஓரளவேனும் உணரப்பட்டமைக்கு இது சான்று.

ஐரோப்பாவில் மாற்றம் இன்னும் ஆழமானது. 2023 மார்ச்சில் ஜெர்மனியிலும் 2024 ஒக்டோபரில் பிரித்தானியாவிலும் தனியாள் விற்பனையாளருக்கான விற்பனைக் கட்டணத்தை ஈபே நீக்கியது. 'வின்ரெட்' போன்ற போட்டித் தளங்கள் விற்போரிடம் எதுவும் கேட்காது வாங்குவோரிடமே கட்டணம் பெற்றுவந்தமை இதற்கு ஒரு காரணமாகும். ஆயின் 2025 பெப்ரவரி முதல் பிரித்தானியாவில், தனியாட்களிடம் வாங்குவோர் மீது 'பாதுகாப்புக் கட்டணம்' விதிக்கப்பட்டது. முப்பது ஆண்டுகளுக்கு முன் காசுக்கட்டளைக்காக வாங்குவோர் கொடுத்த செலவு, இடையில் விற்போரிடம் சென்று, மீண்டும் வாங்குவோரிடமே வந்து சேர்ந்தது. சில்லு ஒரு முழுச் சுற்றுச் சுற்றிவிட்டது.

முடிவுரை

இவ்வரலாற்றிலிருந்து மூன்று உண்மைகளை நாம் துணியலாம். முதலாவது, கொடுப்பனவுக் கட்டணம் அடிப்படையில் நம்பிக்கையின் விலையாகும். அறியாதார் இருவர் கொடுக்கல் வாங்கல் செய்யும்வரை அச்செலவு ஏதோ ஓர் உருவில் இருந்தே தீரும். இரண்டாவது, அச்செலவை யார் சுமப்பது என்பதைக் கணிதம் தீர்மானிப்பதில்லை. போட்டியும், மாற்றுவழியும், பொது நிறுவனங்களின் விழிப்புமே தீர்மானிக்கின்றன. மூன்றாவது, மாறாத் தொகையாக அறவிடப்படும் கட்டணம் எப்போதும் மிகச் சிறியவரையே மிக அதிகமாகத் தாக்கும்.

யாரும் எதனையும் யாருக்கும் விற்கலாம் என்பதே இணைய ஏலச் சந்தை உலகுக்கு அளித்த வாக்குறுதி. மூன்று டொலர்ப் பொருளை விற்பவர், கட்டணம் கழிந்த பின் எஞ்சுவது அஞ்சலகத்துக்கு நடந்த நடைக்கும் போதாது எனக் கண்டு அதனைக் குப்பையில் எறிவாராயின், அவ்வாக்குறுதி அவரளவில் பொய்த்ததேயாகும். பழுதான சுட்டுகோலுக்கும் இடங்கொடுத்துத் தொடங்கிய சந்தை அது. அத்தகைய பொருளுக்கும், அதனை விற்க வருபவருக்கும் இன்னும் அங்கு இடமுண்டா என்பதைக் கொண்டே அதன் வெற்றி அளக்கப்படல் வேண்டும்.